ராலி விடுதியின் வயது

அமெரிக்காவில் வர்ஜீனியா மாகாணத்தில் வில்லியம்ஸ்பர்க் என்று ஒரு சிற்றூர். அதன் பெரிய தெருவில் ராலி டாவர்ன் என்று ஒரு மதுவிடுதி. அதற்கு என்ன வயது என்று கேட்டால், ‘1717 வாக்கில் ஏற்பட்டது’ என்று பதில் வரும். தப்பில்லை. ஆனால் சுவரைத் தட்டிக் காட்டி, ‘இந்தச் சுவருக்கு என்ன வயது?’ என்று கேட்டால் வேறு பதில் சொல்லியாக வேண்டும். பழைய கட்டடம் 1859ல் எரிந்து சாம்பலாயிற்று. இப்போது நிற்கிற கட்டடம் ஜனங்களுக்குக் கதவு திறந்தது 1932ம் வருஷம் செப்டம்பர் மாதம் 16ந் தேதி. ஆகவே உள்ளே நுழைகிறவர் தம் தாத்தாவின் வயதுள்ள வீட்டுக்குள் நின்றுகொண்டு, இருநூறு வருஷத்துக்கு மேற்பட்ட பெருமூச்சு ஒன்றை விட்டுவிட்டு வருகிறார்.

இதைச் சொன்னவுடன் போலிக் கட்டடத்தைப் பரிகாசம் பண்ணப் போகிறேன் என்று வாசகர் எண்ணிவிட வேண்டாம். எரிந்த வீட்டைத் திருப்பிக் கட்டுவது மனித சுபாவம். என் வழக்கு வேறு. அந்த ஊரில் எதைத் தேடித் தேடித் திருப்பிக் கட்டினார்கள், எதைக் கட்டாமல் விட்டார்கள், எதைக் கடப்பாரை போட்டு இடித்தார்கள் என்கிற கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும் என்கிறேன். அப்படிப் பார்க்காமல் ‘அடடா, வாஷிங்டன் சாப்பிட்ட இடம்! ஜெபர்சன் ஆடிய கூடம்!’ என்று உருகி எழுதுகிறவர்கள் ரொம்பப் பேர். அவர்களோடுதான் எனக்குச் சண்டை.

‘மதுக்கடைக்கு ஏது ஐயா சரித்திரம்?’ என்று ஒரு கேள்வி வரக்கூடும். 18ம் நூற்றாண்டு வர்ஜீனியாவில் டாவர்ன் என்பது நம் மனத்தில் உடனே எழுகிற கள்ளுக்கடை அல்ல. முதலில் அது சத்திரம்: குதிரையில் வந்தவனுக்குப் படுக்கை, குதிரைக்குத் தீனி. படுக்கை என்றால் தனிக் கட்டில் என்று நினைத்துவிடக் கூடாது. முன்பின் அறியாத இரண்டு மூன்று ஆண்கள் ஒரே மெத்தையில் முடங்கிக் கிடப்பது அங்கே சகஜம். அதற்கப்புறம் அது சாப்பாட்டுக் கடை, சூதாடும் இடம், நாட்டியக் கூடம், பத்திரிகை வாசித்து வம்பளக்கும் திண்ணை, ஏலக் கொட்டகை எல்லாம். விலையைக் கடைக்காரர் தம் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. கவுண்டிக் கோர்ட்டார் லைசென்ஸ் கொடுப்பார்கள்; ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இவ்வளவு, ஒரு ராத்திரிப் படுக்கைக்கு இவ்வளவு, ஒரு கிண்ணம் பானத்துக்கு இவ்வளவு என்று அவர்களே விகிதம் நிர்ணயிப்பார்கள். சட்டசபையும் பெரிய கோர்ட்டும் கூடுகிற நாட்களில் அந்தத் தெருவில் கால் வைக்க இடமிராது. சட்டசபைக் கட்டடத்திலிருந்து ராலி விடுதிக்குக் கூப்பிடு தூரம். அந்த விடுதி பணம் பண்ணியதற்கும் பின்னால் புகழ் பெற்றதற்கும் இந்தத் தூரம்தான் காரணம்.

நம் பக்கத்துச் சரக்கு ஒன்றும் அந்தப் புகழில் கொஞ்சம் கலந்திருக்கிறது. ஹென்றி வெதர்பர்ன் என்று ஒருவர். முன்னால் விடுதி நடத்தியவர் இறந்ததும் அவருடைய விதவையை 1731ல் கல்யாணம் செய்துகொண்டு ராலி விடுதியை நடத்த வந்தவர். அவர் கலக்கித் தரும் ‘அராக் பஞ்ச்’ மிகப் பிரசித்தம். அராக் என்பது வேறொன்றுமில்லை, கீழைத் தேசத்துச் சாராயம்தான். பத்தாவியா, கோவா, இலங்கை என்று எங்கெங்கிருந்தோ பீப்பாயில் ஏறிக் கப்பலில் போனது. பஞ்ச் என்ற பெயரே ஐந்து சரக்குச் சேர்ந்தது என்ற பொருளில் நம் நாட்டு ‘பாஞ்ச்’ என்பதிலிருந்து பிறந்தது என்று சொல்லுகிறவர்கள் உண்டு. 1736ல் வில்லியம் ராண்டால்ப் என்ற பெருநிலக்காரர் தம் சிநேகிதர் பீட்டர் ஜெபர்சனுக்கு 200 ஏக்கர் நிலம் கொடுத்தார். விலை என்ன? வெதர்பர்னுடைய மிகப் பெரிய கிண்ணம் நிறைய அராக் பஞ்ச். விளையாட்டுப் பேச்சில்லை, பத்திரத்திலேயே அப்படி எழுதியிருக்கிறது. அந்த பீட்டர் ஜெபர்சனின் மகன்தான் பிற்காலத்தில் சுதந்திரப் பிரகடனம் எழுதிய தாமஸ் ஜெபர்சன். சாராயத்துக்குக் கை மாறிய நிலத்தை அடுத்த இடத்தில் வளர்ந்த பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம். மதுவிலக்குக்காரர்கள் இதை எப்படி வேண்டுமானாலும் உபயோகித்துக்கொள்ளட்டும்.

அந்தப் பிள்ளை 1763ல், இருபது வயது வாலிபனாக, இதே ராலியின் அப்போலோ கூடத்தில் தன் மனத்துக்குப் பிடித்த பெண்ணோடு நடனமாடினான். மறுநாளே தோழனுக்குக் கடிதம் எழுதி, பேச வேண்டுமென்று ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் தொண்டையில் சிக்கிக்கொண்டு உளறிக் கொட்டியதைச் சொல்லி அழுதான். இப்படி ஒரு கடிதம் கிடைத்தால் எந்தக் கதாசிரியனுக்கும் நாக்கில் ஜலம் ஊறும். எனக்கும் ஊறுகிறது.

பிறகு பெரிய நாட்கள் வந்தன. 1769 மே மாதத்தில் கவர்னர் பொட்டெடோர்ட் பிரபு சட்டசபையைக் கலைத்தார். கலைந்த அங்கத்தினர்கள் வீட்டுக்குப் போகவில்லை. தெருவில் இறங்கி நேரே ராலிக்கு நடந்தார்கள். பெய்டன் ராண்டால்ப் தலைமை வகித்தார். பிரிட்டிஷ் பார்லிமெண்டு வரி போட்ட சரக்குகளையும், இன்னும் பல ஆடம்பர சாமான்களையும் வாங்குவதில்லை என்று உடன்படிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். வாஷிங்டன் இருந்தார், ஜெபர்சன் இருந்தார், பாட்ரிக் ஹென்றி இருந்தார். 1774 மே மாதத்தில் மறுபடியும் அதே கதை. பாஸ்டன் துறைமுகத்தை ஆங்கிலேயர் மூடப் போவதை முன்னிட்டு உபவாச தினம் அனுஷ்டிப்பதென்று சபை தீர்மானித்தது. கவர்னர் டன்மோர் சபையைக் கலைத்தார். மறுநாள் 89 பேர் ராலியில் கூடி, எல்லாக் குடியேற்ற நாடுகளும் சேர்ந்து ஒரு காங்கிரஸ் கூட வேண்டுமென்று அழைப்பு விடுத்தார்கள். அந்த வருஷம் செப்டம்பரில் பிலடெல்பியாவில் காங்கிரஸ் கூடியே விட்டது. இதில் வேடிக்கை, அந்த 89 பேர் கையெழுத்துப் போட்ட அன்று ராத்திரியே டன்மோரின் மனைவியை வரவேற்று ஏற்கனவே ஏற்பாடு செய்திருந்த நடன விருந்தும் நடந்தது. கவர்னரோடு விரோதம், கவர்னர் சம்சாரத்துக்கு மரியாதை! கனவான்கள் என்றால் கனவான்கள்தான்.

இதெல்லாம் நடந்தது. மறுப்பாரில்லை. அந்தக் கூடத்தில் பேசிய பேச்சு ஒரு சாம்ராஜ்யத்தை அசைத்தது என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் ராலி விடுதியின் சரித்திரம் என்று எடுத்தவர்களெல்லாம் கூடத்தோடு நின்றுவிடுகிறார்கள். கூடத்தைத் தாண்டினால் வாசற்படி ஒன்று இருக்கிறதே, அதில் என்ன நடந்தது?

ஏலம் நடந்தது. நிலம் ஏலம், குதிரை ஏலம், கப்பலில் வந்த சாமான் ஏலம், மனிதர் ஏலம். ‘ராலி வாசலில் விற்கப்படும்’ என்ற பாணியில் விளம்பரங்கள் வர்ஜீனியா கெஜட்டில் வரும். ஜனம் கூடுகிற இடத்தில் கடை விரிப்பதுதானே வியாபாரம்? சட்டசபை நாட்களில் பணக்காரர்கள் அனைவரும் ஊரில் இருப்பார்கள். அப்போது விற்றால் நல்ல விலை போகும். உள்ளே அப்போலோ கூடத்தில் சுதந்திரம் பேச வந்த அதே கூட்டம்தான் வெளியே படியைச் சுற்றி நின்று ஏலம் கேட்கும் கூட்டமும். அந்தக் காலத்து வில்லியம்ஸ்பர்க் ஜனத்தொகையில் ஏறத்தாழப் பாதிப் பேர் அடிமைகள். இதை மறந்துவிட்டு அந்தத் தெருவைக் கற்பனை செய்தால் பாதித் தெருவைத்தான் கற்பனை செய்ததாகும்.

1769 உடன்படிக்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். வாங்க மாட்டோம் என்ற சரக்குகளின் வரிசையில் அடிமைகளும் இருக்கிறார்கள்: குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு அடிமைகளை இறக்குமதி செய்வதில்லை, இறக்குமதியானவர்களை வாங்குவதுமில்லை, வரிச் சட்டம் ரத்தாகும் வரையில். இந்த வாக்கியத்தைக் காட்டி, ‘பார்த்தீர்களா, அப்போதே அடிமை வியாபாரத்தை எதிர்த்தார்கள்’ என்று புளகாங்கிதம் அடைகிறவர்கள் உண்டு. ஐயா, வரிச் சட்டம் ரத்தாகும் வரையில்! சீமைச் சீலையோடும் சீமைச் சாராயத்தோடும் சேர்த்து மனிதனையும் பகிஷ்கரித்தார்கள். கப்பலில் வருகிற அடிமை வேண்டாம் என்றார்களே தவிர, தங்கள் தோட்டத்தில் இருக்கிற அடிமையைப் பற்றி அந்தக் காகிதத்தில் ஒரு வார்த்தை கிடையாது.

கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவரான ஜெபர்சன் அதே 1769ம் வருஷம் செப்டம்பரில் அதே கெஜட்டில் ஒரு விளம்பரம் கொடுத்தார். சாண்டி என்பவன் ஓடிவிட்டான், செருப்புத் தைப்பவன், இடது கைப் பழக்கமுள்ளவன், தச்சு வேலையும் கொஞ்சம் தெரியும், குடிகாரன், பிடித்துக் கொடுப்பவருக்கு வெகுமதி. இதுதான் விளம்பரத்தின் சாரம். மே மாதம் மதுவிடுதியில் உட்கார்ந்து சுதந்திரத்துக்காகக் கையெழுத்து. செப்டம்பர் மாதம் சுதந்திரத்தைத் தேடி ஓடியவன் குடிகாரன் என்று தண்டோரா. சாண்டி பிடிபட்டான். நாலு வருஷம் கழித்து அவனை விற்றுவிட்டார்கள். இரண்டு காகிதங்களும் பத்திரமாக இருக்கின்றன. ஒன்றைக் கண்ணாடி போட்டு மாட்டி, இன்னொன்றை அலமாரியில் பூட்டி வைப்பதற்குச் சரித்திரம் என்று பெயர் வைக்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

‘அந்தக் காலத்து மனிதரை இந்தக் காலத்துத் தராசில் நிறுக்கலாமா?’ என்று உடனே ஒரு சமாதானம் வரும். நான் எதிர்பார்த்ததுதான். இந்தச் சமாதானத்தைச் சொல்லுகிறவர்கள் ‘அந்தக் காலத்து மனிதர்’ என்று எஜமானர்களை மட்டும் எண்ணிக்கொள்கிறார்கள். சாண்டியும் அந்தக் காலத்து மனிதன்தான். அடிமை வாழ்வைப் பற்றி அவனுக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. அதைக் காலால் ஓடிச் சொன்னான். 1775ல் டன்மோர் தம் விரோதிகளை மடக்குவதற்காக, கலகக்காரர்களின் அடிமைகள் வந்து ராஜாவின் படையில் சேர்ந்தால் விடுதலை என்று பிரகடனம் செய்தபோது, நூற்றுக்கணக்கானவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்களும் அந்தக் காலத்தவர்களே. எஜமானர்களில்தான் வேண்டுமென்றால், ராபர்ட் கார்ட்டர் இருக்கிறார். வில்லியம்ஸ்பர்க்கில் கவர்னர் மாளிகைக்குப் பக்கத்திலே வீடு வைத்திருந்தவர், கவர்னரின் ஆலோசனை சபை அங்கத்தினர், பெரிய தனவந்தர். 1791ல் பத்திரம் எழுதி 450 அடிமைகளுக்கு மேல் படிப்படியாக விடுதலை கொடுக்க ஏற்பாடு செய்தார். அந்தக் காலத்துத் தராசு என்று ஒன்று இருந்தது ஐயா. அதில் சரியாக நிறுத்தவர்களும் இருந்தார்கள்.

கட்டடத்தின் கதைக்கு வருகிறேன். 1780ல் தலைநகரத்தை ரிச்மண்டுக்கு மாற்றினார்கள். சட்டசபை போயிற்று, சட்டசபையோடு விடுதியின் ஐசுவரியமும் போயிற்று. 1824ல் பிரெஞ்சு வீரர் லபாயத் கிழவராகத் திரும்பி வந்தபோது ராலியில் விருந்து வைத்தார்கள். அணைகிற விளக்கு கடைசியாக ஒரு தடவை தூக்கி எரிந்தது போல. 1859ல் நெருப்பு. அப்புறம் அந்த மனையில் கடைகள் வந்தன. ஊர் தூங்கி வழிந்தது.

1926ல் அந்த ஊர்ப் பாதிரியார் குட்வின், எண்ணெய்க் கோடீசுவரர் ஜான் ராக்பெல்லரின் மகனைப் பிடித்தார். ஊர் முழுவதையும் 18ம் நூற்றாண்டுக்குத் திருப்பிவிடலாம் என்று இருவரும் தீர்மானித்தார்கள். யார் பணம் என்று சொல்லாமல் பாதிரியார் பெயரில் வீடு வீடாக வாங்கினார்கள். 1928ல்தான் கோடீசுவரர் பெயர் வெளியே வந்தது. பிற்காலத்துக் கட்டடங்கள் நூற்றுக்கணக்கில் போயின. அவற்றில் குடியிருந்தவர்களும், அவர்களில் கணிசமான கறுப்புக் குடும்பங்களும், வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். ஜனங்களுக்குத் திறந்த முதல் காட்சிக் கட்டடம் ராலி டாவர்ன்.

எப்படிக் கட்டினார்கள் என்பதைப் பார்த்தால் யாருக்கும் பிரமிப்பு உண்டாகும். மண்ணைத் தோண்டிப் பழைய அஸ்திவாரத்தைக் கண்டுபிடித்தார்கள். பென்சன் லாசிங் என்ற எழுத்தாளர் 1848ல் அங்கே போய்ப் படம் வரைந்து வைத்திருந்தார். அதைப் பார்த்து முகப்பையும் கூடத்தையும் அமைத்தார்கள். வாசலுக்கு மேலே ஸர் வால்டர் ராலியின் ஈயத் தலையைத் திருப்பி வைத்தார்கள். சாமான்களுக்கு என்ன செய்வது? அந்தக் காலத்தில் ஒருவர் இறந்தால் கோர்ட்டு உத்தரவுப்படி அவருடைய சொத்துக்கெல்லாம் ஜாபிதா எடுப்பார்கள். ராலியை நடத்திய விடுதிக்காரர்களின் ஜாபிதாக்கள் கிடைத்தன. மேஜை எத்தனை, மெழுகுவர்த்தித் தண்டு எத்தனை, சீட்டாட்ட மேஜை எத்தனை என்று பார்த்துப் பார்த்து, ஊர் ஊராகத் தேடி, அந்தக் காலத்துச் சாமான்களையே வாங்கி நிரப்பினார்கள்.

நான் சொல்ல வந்தது இந்த ஜாபிதாவைப் பற்றித்தான். அதில் கரண்டியும் கட்டிலும் மட்டுமா இருந்தன? அதே காகிதத்தில், அதே கையெழுத்தில், பெயர் போட்டு விலை போட்டு மனிதர்கள் இருந்தார்கள். அந்தோணி ஹே என்பவர் நாற்காலி மேஜை செய்யும் தொழிலை விட்டு 1767ல் ராலியை ஏற்று நடத்தி, 1770ன் கடைசியில் இறந்தார். அவருடைய சொத்து விற்பனைக்கு வந்தபோது கெஜட் விளம்பரம் 19 அடிமைகளைச் சொல்லுகிறது. நேர்த்தியான மரவேலைக்காரன் ஒருவன், வண்டியோட்டி, மேஜையருகில் நின்று பரிமாறும் பையன்கள், சமையல்காரர்கள், துணி வெளுப்பவர்கள். அது ஒரு மதுவிடுதி நடப்பதற்கு வேண்டிய முழு ஆள் கட்டு. வெதர்பர்ன் பிற்பாடு எதிர்ச்சாரியில் சொந்தமாக விடுதி வைத்தார். 1760ல் அவர் இறந்தபோது எடுத்த ஜாபிதாவிலும் 12 பேர் இருக்கிறார்கள்.

கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்தவர்கள் இவர்கள். சமையற்கட்டு தனிக் கட்டடம். வெயிலோ பனியோ அங்கிருந்து கூடத்துக்குத் தட்டுத் தூக்கியவர்கள் இவர்கள். மூன்று பேர் புரண்ட படுக்கையை உதறி, மூத்திரச் சட்டியைக் கொட்டி, வாந்தியைக் கழுவியவர்கள் இவர்கள். கனவான்கள் சுதந்திரத்தைப் பற்றிக் காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தபோது நாற்காலிக்குப் பின்னால் கிண்ணத்தோடு நின்று ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டுக்கொண்டிருந்தவர்களும் இவர்களே. ஜாபிதாவைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிய மகானுபாவர்கள் கரண்டி வரியைப் படித்தார்கள். கரண்டி வாங்கி வைத்தார்கள். அடுத்த வரியில் இருந்த பெயர்களைத் தாண்டிப் போனார்கள். அந்த மனிதர்களின் வாழ்க்கையை நடித்துக் காட்டக் கறுப்பு நடிகர்களை அந்த ஸ்தாபனம் அமர்த்தியது 1979ல்தான். ராலி திறந்து 47 வருஷம் ஆன பிறகு!

1994 அக்டோபரில் இன்னும் ஒரு படி போனார்கள். வெதர்பர்ன் விடுதியின் வாசலில் அடிமை ஏலம் ஒன்றை நடித்துக் காட்டுவதென்று ஏற்பாடு. ஏற்பாடு செய்தவர் அந்த ஸ்தாபனத்தில் கறுப்பர் சரித்திரப் பகுதிக்குத் தலைமை வகித்த கிறிஸ்டி கோல்மன் என்ற கறுப்புப் பெண்மணி. ஏலத்தில் விற்கப்படுகிற கர்ப்பிணிப் பெண் வேஷத்தையும் அவரே ஏற்றார். கறுப்பர் முன்னேற்றச் சங்கத்தாரே எதிர்த்தார்கள். எங்கள் பாட்டிமார் பட்ட அவமானத்தை வேடிக்கைக் காட்சியாக்குவதா, ஐஸ்கிரீமும் கையுமாக வருகிறவன் பார்த்துவிட்டுப் போவதற்கா என்று கேட்டார்கள். அந்தக் கோபத்தை நான் லேசாகத் தள்ள மாட்டேன். காட்சி நடந்தது, கூட்டத்தில் பலர் அழுதார்கள், எதிர்க்க வந்த சங்கத் தலைவர்களில் ஒருவர் பார்த்து முடிந்தபின் தம் அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டார். என் கட்சி கோல்மன் அம்மையாரின் கட்சி. அந்தப் படியில் நின்று மனிதரை விற்றார்கள் என்று பலகை எழுதி மாட்டினால் நாலு பேர் வாசிப்பார்கள். ஒரு பெண் நிற்பதையும், அவள் புருஷன் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாக விலை போவதையும் கண்ணால் பார்த்தவர், அதே தெருவில் இன்னொரு வீட்டைக் காட்டி ‘இங்கே சுதந்திரம் பிறந்தது’ என்று சொன்னால் முன்போலத் தலையாட்ட மாட்டார். வலிக்கிறது என்பதற்காக விட்டுவிடலாம் என்றால், வலித்தவர்களுடைய கதையே எப்போதும் விட்டுப்போகும்.

ராலி இருக்கும் அதே தெருவில் கிங்ஸ் ஆர்ம்ஸ் என்று இன்னொரு விடுதி. 1772ல் ஜேன் வோப் என்ற அம்மாள் அதைத் தொடங்கி நடத்தினாள். வாஷிங்டன் அவளுடைய வாடிக்கைக்காரர். அந்த அம்மாளுக்குச் சொந்தமான அடிமைகளில் ஒருவர் கவன் பாம்ப்லெட். பகலெல்லாம் விடுதியில் ஊழியம். ஒழிந்த நேரத்தில் ஊருக்கு வெளியே மரத்தடியில், கிளைகளை வெட்டிப் பந்தல் போட்டு, இரகசியமாகக் கூடிய அடிமைகளுக்கும் சுயேச்சையான கறுப்பர்களுக்கும் பிரசங்கம். கறுப்பன் பிரசங்கம் செய்யக் கூடாது, செய்தால் சபையிலிருந்து விலக்கு என்று வெள்ளைக்கார பாப்டிஸ்டுகள் கட்டுப்பாடு செய்தார்கள். அவர் நிறுத்தவில்லை. 1791 வாக்கில் அவருடைய சபையில் 500 பேர் இருந்தார்கள். 1793ல் ஜேன் வோப்பின் மகன் அவருக்கு விடுதலை எழுதிக் கொடுத்தார். அதே வருஷம் பாப்டிஸ்டு சங்கம் அவருடைய சபையை அங்கீகரித்தது. ஒரு மதுவிடுதியின் ஊழியர், எழுத்துப் பூர்வமாகத் தமக்கென்று தம் உடம்புகூடச் சொந்தமில்லாத நிலையில், ஒரு சபையைக் கட்டி நிறுத்தினார். அப்போலோ கூடத்தில் நடந்தது எதற்கும் குறைந்ததல்ல இது. பட்டணத்தில் ஜெஸ்ஸி கோல் என்ற வெள்ளைக்காரர் நசாவ் தெருவில் அவர்கள் கூடுவதற்கு இடம் கொடுத்தார். அங்கே ஒரு கட்டடம் வந்தது; 1834ல் சுழற்காற்று அதை நாசமாக்கியது; 1856ல் அதே இடத்தில் செங்கல்லால் மாதா கோயில் எழுப்பினார்கள்.

இப்போது இரண்டு தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கிங்ஸ் ஆர்ம்ஸ் விடுதியும் ராலியைப் போலவே அழிந்துபோனது. அதைப் புதிதாகக் கட்டி, மெழுகுவர்த்தி ஏற்றி, பழைய உடுப்பணிந்த பரிசாரகர்களை நிறுத்தி, சாப்பாட்டு ஓட்டலாகவே 1951ல் திறந்தார்கள். அதே பத்து வருஷத்துக்குள், அந்த விடுதியின் அடிமை வளர்த்த சபையாரின் 1856ம் வருஷத்து மாதா கோயிலை, அசலான செங்கல் கோயிலை, வாங்கி இடித்தார்கள். காரணம் என்ன? 18ம் நூற்றாண்டைச் சேர்ந்ததல்லவாம். 1951ல் கட்டிய ஓட்டல் 18ம் நூற்றாண்டு. 1856ல் கட்டிய கோயில் புதுசு! சபையார் வேறு தெருவுக்குப் போய் வேறு கோயில் கட்டிக்கொண்டார்கள். பழைய இடத்துக்கு என்ன ஆயிற்று? தார் ஊற்றி மெழுகினார்கள். கார் நிறுத்துவதற்கு. சரித்திரம் பார்க்க வருகிறவர்களுடைய கார்.

‘தெரியாமல் செய்துவிட்டார்கள்’ என்று சொல்ல வழியில்லை. பல் குத்தும் குச்சி வரைக்கும் ஆராய்ச்சி செய்தவர்கள் அவர்கள். வெதர்பர்ன் விடுதியின் கொல்லையைத் தோண்டியபோது செர்ரிப் பழத்தை ஊறப்போட்டு மண்ணில் புதைத்த புட்டிகள் அகப்பட்டன. பழம்கூட உள்ளே இருந்தது. அதை எப்படிக் கொண்டாடினார்கள்! ஒரு விடுதிக்காரரின் செர்ரிப் பழத்துக்குக் கிடைத்த மரியாதை ஒரு சபையாரின் கோயிலுக்குக் கிடைக்கவில்லை. பின்னாளில் அந்த ஸ்தாபனமே இதை உணர்ந்து, சபையாரின் வம்சத்தவர்களோடு சேர்ந்து வேலை செய்ய முன்வந்தது. நல்லதுதான். ஆனால் கோயில் இடிந்து அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

2020ல் நசாவ் தெருவில் தாரைப் பெயர்த்துத் தோண்ட ஆரம்பித்தார்கள். 1856 கோயிலுக்கு அடியில், அதற்கும் முந்திய சின்னக் கட்டடத்தின் செங்கல் அஸ்திவாரம் தெரிந்தது. அதைச் சுற்றிப் புதைகுழிகள், ஒன்றல்ல இரண்டல்ல, அறுபதுக்கு மேல். குழிகளைத் திறந்து பார்க்கலாமா என்று வம்சத்தவர்களைக் கேட்டார்கள். அவர்கள் சம்மதித்தபின் மூன்றைத் திறந்தார்கள். எலும்புகளைப் பரிசோதித்து, ஆப்பிரிக்க வம்சத்தவர்கள்தான் என்று 2023ல் சொன்னார்கள். யார் யார் என்று பெயர் தெரியவில்லை. ஒரு குழிக்கு மட்டும் அடையாளம் இருந்தது. கல் அல்ல. காலியான ஒயின் புட்டி ஒன்றைத் தலைகீழாக மண்ணில் நட்டு வைத்திருந்தார்கள்.